கையடக்க நூலும் அதன் சாவியும்

யாழ்ப்பாணத்தவரான ஆசிரிய நண்பர் ஒருவர் மலைநாட்டுப் பாடசாலையொன்றிற் கற்பித்து வருகின்றார். மாதம் இருமுறை இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்து திரும்புவது அவர் வழக்கம். அங்கே அவர் குடியிருப்பது ஒரு சிற்றறை. புத்தக அலுமாரிக்கு அதில் இடமில்லை; இடமிருந்தாலும் அந்த ஈரக்காற்றிற் புத்தகங்களைப் பூஞ்சணம் பிடித்துவிடுகின்றது. "மின்னூல் வாசிக்கும் கருவியொன்று வாங்க நினைத்திருக்கிறேன். அறையிலும் உதவவேண்டும், பிரயாணத்திலும் உதவவேண்டும். எதை வாங்கலாம்?" என்று சென்ற விடுமுறையில் அவர் எம்மை வினவினார்.

கடைக்காரரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். நாமோ ஒரு வாரம் தவணை கேட்டோம். ஏனெனில், கையிற் கொண்டுசெல்லத்தக்க நூல் எது என்ற வினா இன்று நேற்று எழுந்ததன்று. அது எழுந்த போதெல்லாம் அதன் பின்னால் வேறொரு வினாவும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றது: அந்த நூல் வாசிப்பவனுக்குச் சொந்தமா, விற்பவனுக்குச் சொந்தமா? முதலாவது வினாவுக்கு மட்டும் விடை தேடுபவர்கள் இரண்டாவதிலே அகப்பட்டுக்கொள்கின்றார்கள் என்பதற்குச் சான்றுகள் பல.

எமது முன்னோரின் ஓலைச்சுவடி கையடக்கமான நூலே. இரு மரச்சட்டங்களுக்கிடையே கட்டி, துணியிற் சுற்றி எடுத்துச்செல்லலாம். ஆயின் கைக்கு அடங்கிய அந்த நூல் எல்லார் கைக்கும் எட்டியதில்லை. எவர் வீட்டுப் பரணில் ஏடு இருந்ததோ அவர் அதற்கு எசமானர். அவர் இரங்கினாலன்றிப் பிரதி இல்லை. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் தொட்ட மாத்திரத்தில் உதிர்ந்து அழிவதைத் தம் பதிப்புரையொன்றில் நெஞ்சுருக எழுதியிருக்கின்றார். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையிலே அச்சுக்கூடம் நிறுவியதும் இதே காலகட்டத்தின் தேவையை ஒட்டியே. ஒரு பிரதி இருந்த இடத்தில் ஐந்நூறு பிரதிகள் இருந்தால், ஒரு வீட்டின் கறையானோ ஒருவரின் பிடிவாதமோ நூலைக் கொன்றுவிட முடியாது. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

ஐரோப்பாவிலே அச்சு நூலைக் கைக்குள் அடக்கியவர் என்று பெயர் பெற்றவர் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ். மேசைமீது கிடத்திப் படிக்கவேண்டிய பெருநூல்கள் மலிந்திருந்த காலத்தில், 1501இல், வேர்ஜிலின் கவிதைகளை அவர் சிற்றளவில் வெளியிட்டார். தாளை எட்டாக மடித்த அளவு அது. பிரான்செஸ்கோ கிரிப்போ என்பவர் செதுக்கிய சாய்வெழுத்து அதிலேதான் முதன்முதலாக ஒரு நூல் முழுவதற்கும் பயன்பட்டது. உரையும் விளக்கமும் சூழாத வெறும் மூலம். குதிரைமீது போகும் பிரபுவும் தூது செல்லும் அதிகாரியும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாம். சிறிய நூல் என்றதும் அது ஏழைக்கான நூல் என்று கருதிவிடக்கூடாது. ஆல்டஸின் வாசகர் கற்றவரும் வசதி படைத்தவருமே.

அவருக்கு நேர்ந்த ஒரு தொல்லை இங்கே குறிப்பிடத்தக்கது. தம் சாய்வெழுத்துக்கு வெனிஸ் அரசிடம் தனியுரிமை பெற்றிருந்தும், பிரான்சின் லியோன் நகரத்து அச்சகங்கள் அவரது நூல்களைப் போலியாக அடித்து விற்றன. 1503இல் ஆல்டஸ் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். போலிப் பதிப்புகளை இனங்காண்பதற்காக அவற்றிலுள்ள பிழைகளையெல்லாம் அதிலே நிரற்படுத்தினார். லியோன்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்தே தங்கள் பிழைகளைத் திருத்திக்கொண்டார்கள்! பதிப்பாளனின் பூட்டும் அதைத் திறப்பவனின் கைத்திறனும் கையடக்க நூலோடு ஒருங்கே பிறந்த இரட்டையர் என்பது இதிலிருந்து விளங்கும்.

சிறிய நூல் மலிவான நூலாவதற்கு மேலும் முந்நூற்றறுபது ஆண்டுகள் சென்றன. அதுவும் ஒரு சட்டத்தின் விளைவாகவே நிகழ்ந்தது. 1837 நவம்பர் 9ஆம் திகதிக்கு முன் இறந்த ஆசிரியர்களின் படைப்புகள் மீதான உரிமை, 1867 நவம்பர் 9ஆம் திகதியோடு ஜேர்மன் நாடுகளில் முடிவுக்கு வந்தது. கேதேயும் ஷில்லரும் லெசிங்கும் ஒரே நாளிலே பொதுச்சொத்தாயினர். லைப்சிக் நகரத்து றெக்லாம் பதிப்பகம் அந்த ஆண்டிலேயே தனது உலக நூல்வரிசையைத் தொடங்கிற்று. முதல் இலக்கம் கேதேயின் 'பௌஸ்ட்'. விலை இரண்டு வெள்ளிக் குறோசன் மட்டுமே. 1912 முதல் புகையிரத நிலையங்களிலே காசு போட்டால் நூல் விழும் பொறிகளையும் இப்பதிப்பகம் நிறுத்தியது. நூலின் விலையைக் குறைத்தது அச்சுப்பொறியின் வேகம் மட்டுமன்று. உரிமை முடிந்துபோனமையே முதற்காரணம். பிரயாணிகளுக்கு நூல் விற்பதில் அதன்பின் பெயர் பெற்ற எவரும் இந்த வழியையோ, பெருந்தொகை விற்பனையின் வழியையோதான் பின்பற்றினர்.

1935 யூலை 30ஆம் திகதி அலன் லேன் வெளியிட்ட முதற் பத்துப் பென்குயின் நூல்கள் இரண்டாவது வழியைச் சேர்ந்தவை. விலை ஆறு பென்னி; பத்துச் சிகரெட்டு கொண்ட ஒரு பெட்டியின் விலையே அது. நட்டம்தான் மிஞ்சும் என்று பிற பதிப்பாளர்கள் கையை விரித்தபோது, சீப்பும் சவர்க்காரமும் விற்கும் வூல்வர்த் கடைகள் 63,500 பிரதிகளுக்குக் கட்டளை கொடுத்து அம்முயற்சியைக் காப்பாற்றின. 1937இல் அதே பதிப்பகம் அறிவு நூல்களுக்கெனப் பெலிக்கன் வரிசையைத் தொடங்கியது. அதன் முதற் பதிப்பாசிரியர்களுள் ஒருவர், பின்னாளில் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரான வி. கே. கிருஷ்ண மேனன். முதல் நூல், பேணாட் ஷோ சோஷலிசத்தைப் பற்றி எழுதியது. நீலமும் செம்மஞ்சளும் கொண்ட அந்த மட்டைகளை, ஓரம் தேய்ந்து முதுகு பிளந்த நிலையில், எமது பழைய ஆசிரியர்களின் அலுமாரிகளில் இன்றும் காணலாம். ஒருவர் வாங்கியது நால்வர் கையிற் சென்று திரும்பியமையாலேயே அவை அவ்வாறு தேய்ந்தன.

நால்வர் கையிற் செல்லும் இந்த உரிமையை வணிகர்கள் விரும்பி வழங்கவில்லை. அமெரிக்காவில் பொப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் தன் நாவலொன்றின் உள்ளே, இதனை ஒரு டொலருக்குக் குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என்று அச்சிட்டது. மேசி என்ற பெருங்கடை அதை 89 சதத்துக்கு விற்றது. வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்று, 1908இல் பதிப்பகத்துக்கு எதிராகத் தீர்ந்தது. விற்ற பின்னர் அந்தப் பிரதிமீது பதிப்பாளனுக்கு அதிகாரமில்லை. வாங்கியவன் அதை மறுபடி விற்கலாம், கொடுக்கலாம், மகளுக்கு எழுதிவைக்கலாம். காகித நூலை நாம் 'என் புத்தகம்' என்று சொல்வதற்குப் பொருள் இதுவே.

இந்தப் பொருளோடு மின்னூலுக்கு வருவோம்.

மின்னூலின் பிறப்பு வணிகத்தில் நிகழவில்லை. 1971 யூலை 4ஆம் திகதி, இலினோய் பல்கலைக்கழக மாணவரான மைக்கல் ஹார்ட், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் பெருங்கணினியிலே தட்டெழுத்திட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி விட்டார். 'குட்டன்பேர்க் திட்டம்' அங்கேதான் தொடங்கியது. அதற்கு விலையுமில்லை, பூட்டுமில்லை. விற்பனைக்கான கருவிகள் வெகுகாலம் கழித்தே வந்தன. 1998இல் அமெரிக்காவில் வெளிவந்த 'றொக்கட்' என்ற கருவி அறுநூறு கிராமுக்கு மேல் எடை கொண்டது. ஒளி உமிழும் திரை உடையது. அடிக்கடி மின்னேற்ற வேண்டியது. நூலை விட்டு இதைச் சுமப்பானேன் என்று மக்கள் எண்ணினர். 2003இல் அந்த வணிகம் கைவிடப்பட்டது.

நிலைமையை மாற்றியது மின்மை. 1970களிலே செரொக்ஸ் ஆய்வுகூடத்தில் நிக் ஷெரிடன் இதற்கு முன்னோடியான ஒரு முறையை வகுத்தார். இன்று நாம் காணும் வடிவம் மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்விலிருந்து பிறந்து, 1997இல் ஒரு நிறுவனமாக உருப்பெற்றது. அதன் இயக்கம் எளிது. மயிரிழை அகலமே கொண்ட எண்ணற்ற நுண்குமிழ்கள் திரையிற் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்தினுள் வெண்துகளும் கருந்துகளும் மிதக்கும். ஒன்றுக்கு நேர்மின்னேற்றம், மற்றதற்கு எதிர்மின்னேற்றம். கீழிருந்து மின்புலம் செலுத்தினால் ஒரு நிறம் மேலெழும், மற்றது கீழே இறங்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே பக்கத்தைப் புரட்டும் கணத்தில் மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாகின்றது. ஒரு முறை மின்னேற்றினால் வாரக்கணக்கிற் போதும். திரை தானாக ஒளிர்வதில்லை. காகிதத்தைப்போல வெளியொளியிற் படிக்கலாம். நடுப்பகல் வெயிலில் இன்னும் தெளிவாகத் தெரியும். வெயிலிலே கறுத்துப்போகும் கைத்தொலைபேசித் திரையோடு போராடியவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு வெளிவந்த விதத்தைப் பாருங்கள். மின்மைத் திரைகொண்ட முதல் விற்பனைக் கருவியான 'லிப்றியே'யை 2004இல் சோனி நிறுவனம் யப்பானில் வெளியிட்டது. அதற்கென விற்ற நூல்கள் அறுபது நாட்களிற் படிக்கமுடியாதவாறு மூடிக்கொண்டன. வாசிப்பின் வேகத்துக்கு வாடகைக்காரன் நாள் குறித்தான். யப்பானிய மக்கள் அதை ஏற்கவில்லை. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் 'கிண்டில்' கருவியை 399 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. ஐந்தரை மணி நேரத்திற் கையிருப்பு முடிந்துபோயிற்று. கம்பியில்லாத் தொடர்புமூலம் ஒரு நிமிடத்தில் நூலை இறக்கலாம் என்பதே அதன் பெருங்கவர்ச்சி. நூல் வந்து சேரும் அந்த வழி, நூல் திரும்பிப் போகவும் வழியாகலாம் என்பதை அன்று பெரும்பாலோர் எண்ணவில்லை.

எண்ண வைத்தது 2009 யூலை. ஜோர்ஜ் ஓர்வெலின் இரு நாவல்களை அமேசான் கடையில் வாங்கிய அமெரிக்க வாசகர்களின் கருவிகளிலிருந்து அந்நூல்கள் ஒருநாள் மறைந்தன. அவற்றைக் கடையில் வைத்த பதிப்பாளருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லை எனத் தெரியவந்ததும், நிறுவனம் தொலைவிலிருந்தே அவற்றை அழித்துப் பணத்தைத் திருப்பிவிட்டது. அழிந்தவற்றுள் ஒன்று, அரசுக்கு ஒவ்வாத செய்திகளைத் துவாரமொன்றினுள் இட்டு எரிப்பதைச் சித்திரிக்கும் '1984' என்ற நாவல். இதனைக் கற்பனையாக எழுதியிருந்தால் மிகையென்று எந்தப் பத்திரிகையாசிரியரும் திருப்பி அனுப்பியிருப்பார். பாடத்துக்காக அந்நாவலைப் படித்து வரிக்கு வரி குறிப்பெழுதி வைத்திருந்த பள்ளி மாணவன் ஒருவன் வழக்குத் தொடுத்தான். நாவல் போனதால் அவனது குறிப்புகள் எதைச் சுட்டுகின்றன என்றே அறியமுடியாதவையாயின. நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டார். வழக்குச் சமரசத்தில் முடிந்தது. ஆயினும் அந்த மன்னிப்பு நூலைத் திரும்பக் கொடுத்ததேயன்றி, எடுக்கும் வல்லமையை விட்டுக்கொடுக்கவில்லை.

இதைத் தனியொரு நிறுவனத்தின் தவறாகக் கருதுவது பொருந்தாது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை 2019இல் மூடியது; பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; வாங்கியோரின் நூல்கள் அவ்வாண்டு யூலையில் இயங்காமற் போயின. சீனாவில் அமேசானின் மின்னூற் கடை 2023 யூன் 30ஆம் திகதி மூடப்பட்டது. வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள மேலும் ஓராண்டு தவணை கிடைத்தது. வாங்கிய நூலின் கோப்பைக் கணினியில் இறக்கிவைத்து வடத்தின்மூலம் கருவிக்கு மாற்றும் வசதியையும் அதே நிறுவனம் 2025 பெப்ரவரி 26ஆம் திகதி நீக்கிவிட்டது. மின்னூலைப் பழைய புத்தகம்போல மறுபடி விற்கலாமா என்ற வினாவுக்கு, 2019 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், உரிமையாளரின் அனுமதியின்றி இயலாது என்று தீர்ப்பளித்தது. 1908இல் காகிதத்தில் வென்ற உரிமை மின்னேட்டிலே தோற்றது. கலிபோர்னியா மாநிலம் 2025 முதல் ஒரு சட்டம் நடைமுறைப்படுத்தியிருக்கின்றது. அதன்படி, வாங்குவோன் பெறுவது உரிமப்பத்திரம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குக' என்ற சொல்லைக் கடைகள் பயன்படுத்தலாகாது. சொல்லையாவது திருத்தினார்கள்.

இவ்விடத்தில் எமது நாட்டு வாசகனுக்கு ஒரு காட்சி நினைவுக்கு வருவது இயல்பு. 1981 யூன் முதலாம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அதிலே சாம்பலாயின. கடையொன்று கணக்கை மூடிப் பணத்தைத் திருப்புவதை அந்தக் கொடுமையோடு ஒப்பிடுவது பொருந்தாது. நாம் அவ்வாறு ஒப்பிடவுமில்லை. ஆனால் முன்னர் சொன்ன கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. வேறு பிரதி இல்லாத நூல், அதை வைத்திருப்பவனின் கைக்கோ அந்த இடத்துக்கோ கட்டுப்பட்டது. எரிந்தவற்றிற் பிற இடத்தில் பிரதி இருந்தவை மீண்டன, இல்லாதவை மீளவில்லை.

இந்தக் கணக்கை உணர்ந்தவர்கள் தமிழிலே சிலர் இருந்தார்கள். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தொடங்கிற்று. பல நாடுகளிலுள்ள தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுத்திட்டு, ஒப்புநோக்கி, இணையத்தில் வைத்தனர். அப்பொழுது தமிழ் எழுத்துக்கு ஒரே குறிமுறைகூட இல்லை. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு முறை. இட்ட நூலையே பின்னர் ஒருங்குறிக்கு மாற்றவேண்டியிருந்தது. 2005இல் எமது நாட்டைச் சேர்ந்த இளைஞர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், விழா மலர்கள் ஆகியன அங்கே பக்கம் பக்கமாகப் படம்பிடித்துச் சேர்க்கப்பட்டு வருகின்றன. எவரும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு கட்டடத்தை எரிப்பதால் இதை அழிக்கமுடியாது. ஏனெனில் இறக்கிக்கொண்டவர்களின் கணினிகளெல்லாம் அதன் கிளைகளாகிவிட்டன.

நண்பரின் வினாவுக்கு விடை இந்த வரலாற்றினுள்ளேயே அடங்கியிருக்கின்றது. மேல்நாட்டு விமர்சகர்கள் வாசிப்புக் கருவியைப் பற்றி எழுதும்போது, கடையிலிருந்து வாங்கும் நாவலை மனத்திற் கொண்டே எழுதுகின்றார்கள். அந்த நாவல் எழுத்துகளாலான கோப்பு. திரைக்கேற்ப வரிகள் மடிந்து கொடுக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். எமது நண்பர் படிக்க விரும்புவனவற்றுள் பெரும்பாலானவையோ படம்பிடித்த பக்கங்கள். படத்தில் வரி மடியாது. இதனாற் கருவியின் அளவே எமக்கு முதற்பிரச்சினை ஆகின்றது.

கணக்கிட்டுப் பார்ப்போம். பிரயாணத்துக்குச் சிறந்ததெனச் சொல்லப்படும் ஆறங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர். எடை இருநூறு கிராமுக்கு உட்பட்டது. ஒரு கையால் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையிற் படிக்கலாம். ஆனால் 21 சென்ரிமீற்றர் அகலமுள்ள பெரிய சஞ்சிகைப் பக்கத்தை அதிலே அடக்கினால் எழுத்துப் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். தமிழில் 'ணை', 'ஞ', 'றூ' போன்றவற்றின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்புள்ளியாகும். பத்தங்குலத் திரையோ 15 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. சாதாரண நூலின் பக்கம் அதிலே உள்ளவாறே தெரியும். பெரிய சஞ்சிகையும் படிக்கத்தக்கதாயிருக்கும். ஆயினும் அது நானூறு கிராம் வரை கனக்கும். விலையோ இருமடங்குக்கு மேல். இடைப்பட்டதாக எட்டங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த திரைகள் உள்ளன. அவற்றின் அகலம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். அந்நாளைய கிரவுண் அளவுத் தமிழ் நூல்களும் அதே அகலந்தான். வெற்று ஓரங்களை வெட்டிவிட்டால் எழுத்து அச்சிலுள்ளதைவிடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். அறைக்கும் பிரயாணத்துக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவருக்கு நாம் இதையே சொல்வோம். படத்தின் நுட்பம் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளிகளாக இருத்தல் நன்று. முதற் கிண்டிலில் அது 167 மட்டுமே.

அடுத்தது, கருவி எந்தக் கோப்பைத் திறக்கும் என்பது. 'ஈபப்' என்ற பொதுவடிவம் 2007இல் வகுக்கப்பட்டது. எந்த ஒரு கடைக்கும் சொந்தமன்று. கோபோ முதலிய கருவிகள் அதை நேரடியாகத் திறக்கின்றன. கிண்டிலில் அதனை நேரே இடமுடியாது. 2022 முதல் நிறுவனத்தின் சேவைக்கு அனுப்பினால் ஏற்றுக்கொள்கின்றார்கள். அதாவது எமது நூல் முதலில் அவர்களின் கணினிக்குச் சென்று, உருமாறி, எம்மிடம் திரும்புகின்றது. 'காலிபர்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எமது கணினியிலேயே உருமாற்றி வடத்தின்மூலம் ஏற்றவும் இயலும். சற்றுப் பொறுமை வேண்டும். கிண்டிலிற் குறை மட்டுமே உண்டென்பது நியாயமாகாது. 2016 டிசெம்பரில் தமிழுக்கு அது கதவு திறந்த பின்னரே, தமிழகத்தின் இன்றைய எழுத்தாளர் பலருடைய நூல்கள் எமக்குக் கப்பற்செலவின்றிக் கிடைக்கலாயின. ஆயினும் பூட்டிய நூல்களையே ஆயுள் முழுவதும் சேர்ப்பவர், தமக்கென ஒரு நூலகம் சேர்வதாக எண்ணிவிடக்கூடாது. அது நல்லதொரு வாடகை வாசிகசாலை.

தமிழ் எழுத்துருவையும் சோதிக்கவேண்டும். தமிழ் அறியாத கருவியில் எழுத்துகள் வெறுங் கட்டங்களாகத் தோன்றும். அரைகுறையாக அறிந்த கருவியிலே 'கொ' என்ற எழுத்தின் கொம்பு இடம்மாறி நிற்கும். இணையத்தோடு இணைந்த கருவி, நாம் எந்தப் பக்கத்தில் நின்றோம், எந்த வரியைக் கோடிட்டோம் என்பதையும் கடைக்குத் தெரிவிக்கக்கூடியது. அலுமாரியில் என்ன நூல் இருக்கின்றது என்று வீடு புகுந்து பார்த்த காலத்தைக் கண்டவர்கள் நாம். வடத்தின்மூலம் நூலேற்றி, தொடர்பை அணைத்து வைப்பது நல்ல பழக்கம்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவிலிருந்து 360 வரை எமது நாணயம் வீழ்ந்தது. நூறு டொலர்ப் பொருளொன்று 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவாயிற்று. அதே மார்ச்சில், காகிதமில்லாமையால் மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. காகிதமும் இறக்குமதி, கருவியும் இறக்குமதி. மாணவன் ஒருவன் இதற்காகக் கடன்பட வேண்டும் என்று நாம் கூறத் துணியோம். அவனிடம் ஏலவே கைத்தொலைபேசி இருந்தால், அதன் ஒளியைத் தணித்து, அறிவித்தல்களை நிறுத்திவிட்டு, 'நூலக'த்தின் பக்கங்களைக் குறுக்கே பிடித்துப் படிக்கட்டும். கண் சற்று நோகும், ஆனால் நூல் அதேதான். ஆசிரியர் நால்வர் சேர்ந்து பாடசாலை வாசிகசாலைக்கு ஒரு கருவி வாங்குவதே எமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. பூட்டில்லாத நூல்களை அதில் இட்டால் எந்த மாணவரும் எடுத்துச் செல்லலாம். 1949இல் சென்னை அரசு பாரதியாரின் நூலுரிமையைப் பெற்று, பின்னர் அதனை மக்களுக்கு உரியதாக்கியமையால், அவருடைய படைப்பு முழுவதையும் தடையின்றி ஏற்றலாம். எமது நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டுகள் கழிந்த எந்த நூலுக்கும் இது பொருந்தும். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலைப் பணம் கொடுத்தே வாங்கவேண்டும். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டுமல்லவா.

இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக நண்பருக்கு எழுதினோம். மறுமொழி மூன்று வரியில் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வரவிருக்கும் மைத்துனரிடம், எட்டங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பழைய கருவியொன்றைச் சொல்லி வைத்திருக்கின்றாராம். ஒருமுறை பாவித்ததானாலும் மின்கலம் நன்றாயிருந்தாற் போதும் என்கின்றார். ஈழத்துச் சஞ்சிகையொன்றின் பழைய இதழை 'நூலக'த்திலிருந்து இறக்கி மைத்துனருக்கு அனுப்பிவைக்கும்படியும், விற்பவருக்கு முன்னாலேயே அதைக் கருவியில் ஏற்றித் திறந்து, அடிக்குறிப்பிலுள்ள 'ணை'யின் சுழிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கச் சொல்லும்படியும் நாம் பதில் எழுதியிருக்கின்றோம்.